பவுனும் கிஜாங்கும்: விற்கும் நாளை எண்ணி வாங்கியவர் வரலாறு



2025 தீபாவளிக்கு முந்தைய வாரம். பினாங்கு லிட்டில் இந்தியாவில், மார்க்கெட் ஸ்திரீட் எனப்படும் லெபோ பாசாரில் கால் வைக்க இடமில்லை. அந்த நெரிசலில், ஒரு நகைக்கடை வாசலில் என் முன்னாள் மாணவியின் தாயாரைக் கண்டேன். கையில் ஒரு சிறு தாள். அதில் கிராம் கணக்கு.

"டீச்சர், நீங்களே சொல்லுங்க. மக கல்யாணத்துக்கு இப்பவே நகையா வாங்காம, ஒரு கிராம், ரெண்டு கிராம்னு காசா வாங்கி வச்சா, பின்னால விக்கிறப்போ நஷ்டம் வராதுதானே?"

எனக்குச் சட்டென்று விடை சொல்லத் தெரியவில்லை. நான் தொடக்கப்பள்ளி ஆசிரியை; பொருளியல் வல்லுநர் அல்லேன். ஆயினும், அந்தக் கேள்வி புதிதன்று என்பது மட்டும் எனக்குத் தெரியும். இதே தெருக்களில் நம் முன்னோர் நூறாண்டுக்கும் மேலாகக் கேட்டுவந்த கேள்வி அது. என் பாட்டியும் கேட்டவர். கேட்டு, வாங்கி, விற்றும் முடித்தவர். அவர் கதையை இறுதியில் சொல்கிறேன். முதலில் வரலாற்றைப் பார்ப்போம்.

மூன்று சொற்கள்

மலேசியத் தமிழர்களாகிய நாம் ரிங்கிட்டை ‘வெள்ளி’ என்கிறோம். சென் நாணயத்தைக் ‘காசு’ என்கிறோம். தங்கத்தை மட்டும் ‘பவுன்’ கணக்கில் பேசுகிறோம். இம்மூன்று சொற்களுக்குள் ஒரு வரலாறே அடங்கியிருக்கிறது.

இந்த வட்டாரத்தில் நெடுங்காலம் புழங்கியவை இசுப்பானிய, மெக்சிக்க வெள்ளி நாணயங்கள். அதனால்தான் ‘வெள்ளி’. அந்நாணயத்தின் விளிம்பில் இருந்த பல் போன்ற வெட்டுகளைக் குறித்த மலாய்ச் சொல்லே ‘ரிங்கிட்’. ‘காசு’ நம் சொந்தச் சொல். சோழர் கல்வெட்டுகளில் நிறைந்து கிடப்பது. ஐரோப்பியர் அதனைக் கடன்வாங்கிக் கீழை நாடுகளின் சில்லறை நாணயங்களைக் ‘கேஷ்’ என்றழைத்தனர்.

‘பவுன்’ மட்டும் ஆங்கிலேயர் தந்தது. இங்கிலாந்தின் ஒரு பவுண்டு மதிப்புள்ள பொற்காசுக்கு ‘சாவரின்’ என்று பெயர். தமிழ்நாட்டார் அதனைச் ‘சவரன்’ என்றனர்; நாம் ‘பவுன்’ என்கிறோம். இன்றைய வடிவிலான சாவரின் 1817இல் முதன்முதலாக அச்சிடப்பட்டது. அதன் எடை 7.988 கிராம், 22 காரட். அதிலுள்ள தூய தங்கம் 7.32 கிராம். தமிழ்நாட்டு நகைக்கடைகள் இதனை முழுமையாக்கி ஒரு சவரன் 8 கிராம் என்று கணக்கிடுகின்றன.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். கழஞ்சு, மஞ்சாடி, குன்றிமணி என்று தங்கத்துக்கென்றே தனி நிறுத்தல் அளவைகளை வைத்திருந்த ஓர் இனம், ஏன் ஓர் அயல்நாட்டு நாணயத்தின் பெயரைத் தன் தங்க அளவையாக ஏற்றுக்கொண்டது? விடை, வாங்கும் இடத்தில் இல்லை. விற்கும் இடத்தில் இருக்கிறது.

வெட்டுப்பட்ட முகங்கள்

1898ஆம் ஆண்டு, புதுக்கோட்டைப் பகுதியில் உள்ள கருக்காகுறிச்சி என்னும் ஊரில் ஒரு புதையல் கிடைத்தது. அதில் இருந்தவை 501 உரோமானியப் பொற்காசுகள். அகசுட்டசு முதல் வெசுபாசியன் வரையிலான பேரரசர்களின் முகங்கள் அவற்றில் இருந்தன. அந்த முகங்களில் மிகப் பெரும்பாலானவற்றின் குறுக்கே உளியால் வெட்டிய தழும்பு ஒன்று காணப்பட்டது!

ஏன் வெட்டினார்கள்? உள்ளே செம்பு வைத்து மேலே பொன் பூசிய கள்ளக் காசா என்று சோதிப்பதற்காக வெட்டியிருக்கலாம் என்பது ஒரு கருத்து. இனி இது நாணயமாகச் செல்லாது, எடைக்குரிய பொன்னாக மட்டுமே செல்லும் என்று காட்டுவதற்காக வெட்டியிருக்கலாம் என்பது மற்றொரு கருத்து. எந்தக் கருத்தைக் கொண்டாலும் செய்தி ஒன்றே. அக்காசைக் கையில் வாங்கிய தமிழன், உரோமப் பேரரசனின் முகத்தை நம்பி நிற்கவில்லை; உள்ளிருக்கும் பொன்னை நம்பினான்.

சோழர் காலத்திலும் பொன்னை எடை போடும் கல்லுக்கே தனிப் பெயர் இருந்தது. 1010இல் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள், கோயிலுக்கு வந்த பொன்னை ‘ஆடவல்லான்’ என்னும் கல்லால் நிறுத்ததாகக் கூறுகின்றன. எந்தக் கல்லால் நிறுத்தார்கள் என்பதையும் எழுதி வைக்க வேண்டியிருந்தது என்றால், கல்லுக்குக் கல் நிறை மாறியது என்றுதானே பொருள்? பொன்னின் தரத்தை உரைகல்லில் உரைத்து ‘மாற்று’ என்னும் கணக்கால் சொன்னார்கள். ‘பத்தரை மாற்றுத் தங்கம்’ என்று இன்றும் மேடையில் ஒருவரைப் புகழ்கிறோமே, அது அந்தக் கணக்கின் மிச்சம்தான்.

நமக்கு எதிர்க்கரையில் இருக்கும் கடாரத்து அரசன், நாகப்பட்டினத்துக் கோயிலுக்குச் ‘சீனக் கனகம்’ அனுப்பியதாகவும் இராசேந்திர சோழன் காலக் கல்வெட்டு கூறுகிறது. பொன் எந்நாட்டுப் பொன் என்பதும் குறிக்கத்தக்க செய்தியாக இருந்தது.

இப்படிக் கைக்குக் கை எடைபோட்டு, உரைத்துப் பார்த்து, வெட்டிச் சோதித்து வாங்கிய பொன்னை விற்பவருக்கு ஒவ்வொரு முறையும் சிறிது இழப்பு நேர்ந்திருக்கும். தராசு யாரிடம் இருக்கிறதோ அவரிடம்தானே அதிகாரமும் இருக்கும்? நிறுக்காமலே, உரைக்காமலே ஏற்றுக்கொள்ளப்படும் பொற்காசு ஒன்று வந்தால் எளியவர்கள் அதனை விரும்பாமல் இருப்பார்களா? சாவரின் வந்தது அப்படித்தான்.

வெள்ளி தேய்ந்த காலம்

1786இல் பிரான்சிசு லைட் பினாங்கில் கொடியேற்றினார். சில ஆண்டுகள் கழித்து, 1794இல், இங்குள்ள தமிழரைப் பற்றி அவர் எழுதிய குறிப்பு புகழ்பெற்றது. சோழமண்டலக் கரையிலிருந்து ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 பேர் வரை கப்பலில் வருகிறார்கள். வணிகமும் எல்லா வகை உடலுழைப்பும் செய்து சில வெள்ளிகளைச் சேர்த்துக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள். அவர்கள் இடத்துக்கு வேறு சிலர் வருகிறார்கள் என்பது அதன் சாரம்.

‘சில வெள்ளிகள்’ என்பதைக் கவனியுங்கள். வியர்வையை வெள்ளியாக மாற்றி மடியில் கட்டிக்கொண்டு கடல் கடந்தார்கள். அந்த வெள்ளிக்கே பின்னாளில் கேடு வந்தது.

1870களில் செருமனி முதலிய நாடுகள் வெள்ளியைக் கைவிட்டுத் தங்க நாணய முறைக்கு மாறின. உலகச் சந்தையில் வெள்ளி விலை சரியத் தொடங்கியது. 1870களின் தொடக்கத்தில் நான்கு சில்லிங்குக்கு மேல் பெற்ற ஒரு வெள்ளி நாணயம், 1902இல் இரண்டு சில்லிங்குகூடப் பெறவில்லை. முப்பது ஆண்டுகளில் பாதி மதிப்புக்கு மேல் கரைந்தது. சிக்கனமாக வாழ்ந்தவரும் தப்பவில்லை. வெள்ளியைத் தொடாமல் பானையில் போட்டு வைத்தவரே அதிகம் இழந்தார்.

இந்தியாவின் ரூபாயும் வெள்ளிதான். அதுவும் வீழ்ந்தது. எனவே 1893இல், பொதுமக்கள் வெள்ளியைக் கொடுத்து ரூபாயாக அடித்துக்கொள்ளும் உரிமையை இந்திய அரசு நிறுத்தியது. 1899இல் ஆங்கிலப் பொற்காசாகிய சாவரினை, ஒன்றுக்கு 15 ரூபாய் என்ற வீதத்தில் சட்டப்படி செல்லும் நாணயமாக்கியது.

பினாங்கும் பின்தொடர்ந்தது. நீரிணைக் குடியேற்றங்களின் வெள்ளி 1906இல் தங்கத்தோடு பிணைக்கப்பட்டது. 60 வெள்ளிக்கு 7 பவுன் என்பது கணக்கு. அதாவது, ஒரு பவுன் 8 வெள்ளி 57 காசு. இங்கும் சாவரின் சட்டப்படி செல்லும் நாணயமாயிற்று.

இரு துறைமுகங்கள், ஒரே காசு

இதன் பொருளை எண்ணிப் பாருங்கள். பினாங்கில் 8 வெள்ளி 57 காசு பெறும் அதே காசு, நாகப்பட்டினத்தில் இறங்கினால் 15 ரூபாய். எடை போட வேண்டியதில்லை. உரைகல் தேவையில்லை. தட்டான் முகத்தைப் பார்த்து நிற்க வேண்டியதில்லை. இரு கரைகளிலும் அரசாங்கமே மதிப்பை உறுதி செய்த பொன் அது! பணத்தை உண்டியல் மூலமோ அஞ்சல் மூலமோ அனுப்பும் வழிகளும் இருந்தன. ஆனால், தானே ஊர் திரும்புகிறவனுக்கு, மடியில் முடிந்துகொள்ளும் பவுனைவிட உறுதியான வழி எது?

அதன் விலையையும் மறந்துவிடக் கூடாது. 1920களின் பிற்பகுதியில் தோட்டத்து ஆண் தொழிலாளிக்கு வரையறுக்கப்பட்ட நாட்கூலி 50 காசு. பெண்ணுக்கு 40 காசு. அப்படியானால் ஒரு பவுன் ஓர் ஆணின் பதினேழு நாள் கூலி. ஒரு பெண்ணின் இருபத்தொரு நாள் கூலி. உண்டது உடுத்தது போக எத்தனை மாதம் மிச்சம் பிடித்தால் ஒரு பவுன் சேரும் என்பதை நம் பிள்ளைகள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

காசு சிறியதாக இருந்ததும் ஒரு வசதியே. பெரிய அட்டிகையில் பாதியை விற்க முடியாது. பவுனை ஒவ்வொன்றாக விற்கலாம். காசு மாலை என்னும் நகையின் அறிவும் இதுவே. கழுத்தில் கிடக்கும்போது அணிகலன். கழற்றினால் எண்ணிக் கொடுக்கும் பணம். ஆனால், காசில் வளையம் வைத்துப் பற்றாசு கொண்டு ஊதியபின் அது பழைய காசாக இருப்பதில்லை. விற்கப் போனால் கடைக்காரர் அதனை உருக்கும் பொன்னாகவே மதிப்பார், பற்றாசுக்கும் கழிப்பார். இதை நம் பெண்கள் பட்டறிவால் அறிந்திருந்தார்கள். ‘போட்டுக்கொள்ளும் பவுன்’ வேறு, ‘வைத்துக்கொள்ளும் பவுன்’ வேறு என்று என் பாட்டி பிரித்தே சொல்வார்.

முதல் உலகப் போர் இந்த ஒழுங்கைக் குலைத்தது. நாடுகள் பொன்னை வெளியே விடாமல் பிடித்துவைத்தன. 1918இல் பம்பாயிலேயே சாவரின் அச்சிட்டார்கள். அந்த ஓர் ஆண்டில் மட்டும், ஏறத்தாழ 13 இலட்சம் காசுகள். அவற்றில் இந்தியாவைக் குறிக்கும் ‘ஐ’ என்னும் ஆங்கில எழுத்து கண்ணுக்கு எளிதில் தெரியாத அளவில் பொறிக்கப்பட்டிருக்கும். இந்த எழுத்தை நினைவில் வையுங்கள்.

1931 செப்டம்பரில் இங்கிலாந்தே தங்க நாணய முறையைக் கைவிட்டது. பவுண்டுத் தாள் வீழ, பவுன் காசின் விலை ஏறியது. அது உலகப் பொருளாதார மந்தக் காலம். இரப்பர் விலை படுத்துவிட்டதால், மலாயாவிலிருந்து ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். இந்தியாவிலோ கடன்பட்ட உழவர்கள் வீட்டுப் பொன்னை விற்றார்கள். அது மலைபோல் வெளிநாடு சென்றது. ‘துயரப் பொன்’ என்றே வரலாற்றாசிரியர்கள் அதனைக் குறிப்பிடுகிறார்கள். விலை ஏறியபோது விற்றவர்கள்தாம் அவர்கள். ஆனால், ஆதாயத்துக்காக விற்றவர்கள் அல்லர். வாங்குகிறவன் நாளைத் தேர்ந்தெடுக்கிறான். விற்கிறவனை நாள் தேர்ந்தெடுக்கிறது.

வாழைமரத் தாளும் 85 காசு வெள்ளியும்

1941 டிசம்பரில் சப்பானியர் பினாங்கில் குண்டு வீசினர். சில நாட்களில் தீவைப் பிடித்தனர். அவர்கள் அச்சிட்ட பத்து வெள்ளித் தாளில் வாழைமரம் இருந்தது. ‘வாழைமர நோட்டு’ என்று மக்கள் அழைத்தார்கள். தொடக்கத்தில் பழைய வெள்ளிக்கு நிகர் என்றார்கள். பின்னர் கணக்கின்றி அச்சிட்டார்கள். 1945 செப்டம்பரில் ஆங்கிலேயர் மீண்டபோது, அந்தத் தாள்களுக்கு மதிப்பே இல்லை என அறிவித்துவிட்டார்கள்.

போருக்கு முன் வாங்கிய கடனை வாழைமர நோட்டில் அடைத்தவர்கள் பலர். அந்த வழக்குகளைத் தீர்ப்பதற்கென்றே 1948இல் தனிச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. ஏட்டில் கணக்கு வைத்திருந்த செட்டியாரும், பெட்டியில் தாள் வைத்திருந்த தொழிலாளியும் ஒருங்கே பாதிக்கப்பட்டனர். பவுன் வைத்திருந்தவர் மட்டும் அரிசி வாங்கினார்.

இதே பினாங்கு இன்னொரு முறையும் பாடம் கற்றது. 1967 சூனில் புதிய மலேசிய வெள்ளி வெளிவந்தது. பழைய தாள்களும் கூடவே புழக்கத்தில் இருந்தன. அவ்வாண்டு நவம்பர் 18இல் இங்கிலாந்து தன் பவுண்டின் மதிப்பைக் குறைத்தது. புதிய வெள்ளி குறையவில்லை. பவுண்டோடு பிணைந்திருந்த பழைய வெள்ளி குறைந்தது. ஒரு பழைய வெள்ளி திடீரென்று 85 காசாகிப் போனது! வங்கிக்குச் செல்லாமல் வீட்டில் பழைய தாளைச் சேர்த்துவைத்திருந்த ஏழைகளுக்கே பேரிடி. பினாங்கில் கடையடைப்பு நடந்தது. அது கலவரமாக மாறி உயிர்ப்பலியும் நேர்ந்தது. ஊரடங்கு போடப்பட்டது. அந்தத் தலைமுறைப் பினாங்குத் தமிழர் தாளைவிடத் தங்கத்தை ஏன் நம்பினார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஊரில் மூடிய கதவு

பொன்னை விற்பதற்கு ஓர் இடம் வேண்டும். அந்த இடமே மூடிக்கொண்டால்?

1947 முதல் இந்திய அரசு தங்க இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. 1963 சனவரியில் தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. புதிய நகைகள் 14 காரட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்றார்கள். 22 காரட்டே அறிந்த பொற்கொல்லர் குடும்பங்கள் வேலையிழந்து தவித்தன. 1968இல் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் முழு வடிவில் வந்தது. தனியார் தங்கக் கட்டி வைத்திருப்பதற்குத் தடை விதித்தது. அச்சட்டம் 1990இல்தான் நீக்கப்பட்டது.

சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ‘ரசூலா’ கப்பல் 1926 முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடிற்று. அதன் முற்காலப் பயணிக்குப் பவுன் என்பது இரு கரைக்கும் பொதுவான பணம். பிற்காலப் பயணிக்கு அது சுங்கச் சாவடியில் விளக்கம் சொல்ல வேண்டிய பொருள். காசு மாறவில்லை, தங்கமும் மாறவில்லை. காசு செல்லும் பாதைதான் மாறியது. இந்திய அரசு பின்னாளில் 2015 நவம்பரில் அசோகச் சக்கரம் பொறித்த 5 கிராம், 10 கிராம் பொற்காசுகளைத் தானே வெளியிட்டது என்பது வரலாற்றின் திருப்பம்.

முத்திரைக்கென்று தனி விலை உண்டு என்பதற்கும் ஒரு சான்று சொல்லலாம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் இங்கிலாந்து சில ஆண்டுகள் சாவரினை அச்சிடவில்லை. மத்தியத் தரைக்கடல் நாடுகளில் போலிச் சாவரின்கள் பெருகின. அவற்றுள் பல, உண்மையான தங்கத்திலேயே செய்யப்பட்டவை! தங்கத்தின் விலையைவிடக் காசின் விலை அதிகமாக இருந்ததால், உண்மைத் தங்கத்தைக் கொண்டே போலி செய்வதிலும் ஆதாயம் இருந்தது. அதனை ஒடுக்கவே 1957இல் சாவரின் மீண்டும் அச்சேறியது.

கேளையாட்டுக் காசு

நம் நாட்டின் சொந்தக் காசுக்கு வருவோம். 2001 சூலை 17ஆம் நாள் பேங்க் நெகாரா மலேசியா ‘கிஜாங் எமாஸ்’ என்னும் பொற்காசை வெளியிட்டது. கிஜாங் என்பது கேளையாடு எனத் தமிழில் வழங்கும் குரைக்கும் மான். கிளந்தான் வட்டாரத்துப் பழைய சிறு பொற்காசுகளில் இருந்த உருவம் அது. பேங்க் நெகாராவின் சின்னமும் அதுவே. மறுபுறத்தில் செம்பருத்தி.

ஓர் அவுன்சு, அரை அவுன்சு, கால் அவுன்சு என மூன்று அளவுகள், தூய்மை 999.9. கால் அவுன்சு என்பது 7.78 கிராம். நம் பழைய பவுனின் எடைக்கு மிக அருகில் வருவதைக் காணலாம். காசின் மேல் 50 வெள்ளி, 100 வெள்ளி, 200 வெள்ளி என்று எழுதியிருந்தாலும், அந்த மதிப்புக்கு யாரும் விற்பதில்லை. அன்றைய தங்க விலைக்கே விற்பனை. வாங்கும் விலை ஒன்று, விற்கும் விலை ஒன்று என இரண்டு விலைகளும் வெளியிடப்பட்டன. நம் கேள்விக்கு உரிய இடம் இந்த இரண்டு விலைகளுக்கு நடுவே உள்ள இடைவெளிதான்.

வகுப்பறைக் கணக்காகவே பார்ப்போம். ஒரு சிறு காசில் 100 வெள்ளி மதிப்புள்ள தங்கம் இருப்பதாகக் கொள்வோம். அச்சுக்கூலி, உறை, கடை ஆதாயம் எல்லாம் சேர்த்து 108 வெள்ளிக்கு வாங்குகிறோம். மறுநாளே விற்கப் போனால் 97 வெள்ளி தருகிறார்கள். கையைக் கடிக்காமல் மீள வேண்டுமானால் தங்க விலை ஏறத்தாழ 11 விழுக்காடு உயர வேண்டும். அதுவரை ஆதாயம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

காசு சிறுக்கச் சிறுக்க இந்த இடைவெளி அகலும். ஒரு கிராம் காசை அச்சடிக்கவும் உறையிடவும் ஆகும் செலவு, பத்துக் கிராம் காசுக்கு ஆவதில் பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடாதல்லவா? ஒரு கிராம் காசுகள் பத்தும், பத்துக் கிராம் காசு ஒன்றும் தங்கத்தால் சமம். விலையால் சமம் அல்ல. ஆனால், அவசரத்துக்கு இரண்டு கிராம் மட்டும் விற்க வேண்டிய வீட்டுக்குப் பெரிய காசு உதவாது. நகையோடு ஒப்பிட்டாலோ சிறு காசு பெரும்பாலும் மேல். நகைக்குக் கொடுத்த செய்கூலி விற்கும்போது திரும்பி வராது.

காலமும் ஒரு பகைவன். 1980 சனவரி 21இல் ஓர் அவுன்சு தங்கம் 850 அமெரிக்க டாலரைத் தொட்டது. அன்று ஆசையோடு வாங்கியவர் அதே விலையை மீண்டும் காண 2008 வரை, இருபத்தெட்டு ஆண்டுகள் காத்திருந்தார். இடையில் 1999லிருந்து 2001 வரை அது 250, 270 டாலர் அளவில் படுத்துக் கிடந்தது. கிஜாங் எமாஸ் பிறந்தது அந்தப் படுகுழியில். அமெரிக்க டாலருக்கு 3.80 என்று நம் வெள்ளி கட்டப்பட்டிருந்த காலம் அது. ஓர் அவுன்சுத் தங்கம் ஆயிரம் வெள்ளிக்குச் சற்று மேல். 2025 அக்டோபரில் ஓர் அவுன்சு 4,000 டாலரைத் தாண்டியது.

பாட்டியின் மூன்று பவுன்

இப்போது பாட்டியின் கதை.

அவர் செபராங் பிறையில் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். சப்பானியர் காலத்தில் அவர் தாயார் தலையணைக்குள் தைத்து வைத்திருந்த ஒரே பவுன் அரிசியாகவும் மருந்தாகவும் மாறியது. வாழைமர நோட்டுகள் ஒரு கட்டு மிஞ்சின. அவற்றை வைத்துப் பிள்ளைகள் கடை விளையாட்டு விளையாடினார்களாம். அந்த விளையாட்டைப் பார்த்தே தான் புத்தி கற்றதாகப் பாட்டி சொல்வார். பிற்காலத்தில் பால்மரம் வெட்டிச் சீட்டுக் கட்டி, படகேறிப் பினாங்குக்கு வந்து, மூன்று பவுன் வாங்கினார்.

2001இல் எனக்கு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இடம் கிடைத்தது. படிகள் கைக்கு வரும்வரை உடைக்கும் புத்தகத்துக்கும் பயணத்துக்கும் பணம் வேண்டும். அப்பா அப்போது வேலையில்லாமல் இருந்தார். பாட்டி என்னை அழைத்துக்கொண்டு லிட்டில் இந்தியாவுக்கு வந்தார். முதல் கடையில் சொன்ன விலையைக் கேட்டு, ஒன்றும் பேசாமல் எழுந்துவிட்டார். மூன்றாம் கடையில் இரண்டு பவுனை விற்றார். ஒன்றுக்கு 220 வெள்ளிக்குச் சற்று மேல் கிடைத்தது. மற்றொன்றில் எப்போதோ வைத்த வளையம் இருந்ததால் அதற்குக் கழித்துக்கொண்டார்கள்.

அதே 2001இல்தான் கேளையாட்டுக் காசு வெளிவந்தது. நாட்டில் சிலர் பொன் வாங்க வரிசையில் நின்ற ஆண்டில், டாலர் கணக்கில் தங்கம் தாழ்ந்து கிடந்த நேரத்தில், என் பாட்டி விற்றார். 2025 அக்டோபர் விலையில் ஒரு பவுனின் தங்கம் ஏறத்தாழ 4,000 வெள்ளி. எத்தனையோ இரவுகள் இந்தக் கணக்கை நான் போட்டுப் பார்த்திருக்கிறேன். அந்த இரண்டு பவுனை விற்காமல் வேறு யாரிடமாவது கடன் வாங்கியிருக்கலாமே என்று ஒருமுறை பாட்டியிடமே சொன்னேன். அப்போது விலை ஏறத் தொடங்கியிருந்தது.

"விக்கத்தான் வாங்குனேன். வித்தேன். இதுல என்ன இருக்கு?" என்றார். பிறகு, "அந்த வளையம் வச்சதுதான் தப்பு" என்றார்.

தங்க விலை ஏறியதைப் பற்றி அவருக்கு வருத்தமே இல்லை. ஏறும் என்று எண்ணி அவர் வாங்கவில்லை. தேவைப்படும் நாளில் எவரும் மறுக்காமல் வாங்கிக்கொள்ளும் பொருள் ஒன்று வீட்டில் இருக்க வேண்டும் என்று வாங்கினார். அந்த நாள் வந்தது. பவுன் தன் வேலையைச் செய்தது. வளையம் வைத்ததில் போன சில வெள்ளிகள் மட்டும் அவர் மனத்தில் தங்கிவிட்டன; ஏனெனில் அது தவிர்த்திருக்கக்கூடிய இழப்பு.

எனவே, அந்தத் தாயாருக்கு நான் சொல்ல வேண்டியிருந்த விடை இதுதான் என்று இப்போது தோன்றுகிறது. நட்டம் வராது என்று எவராலும் சொல்ல முடியாது. ஆனால், வாங்கும் முன்பே விற்பதைப் பற்றிக் கேளுங்கள். "இன்றைக்கே திருப்பித் தந்தால் எவ்வளவு தருவீர்கள்?" என்று கடைக்காரரைக் கேளுங்கள், இரண்டு மூன்று கடைகளில் கேளுங்கள். உறையைப் பிரிக்காதீர்கள், இரசீதைத் தொலைக்காதீர்கள், துளையிட்டுச் சங்கிலியில் கோக்காதீர்கள். கைக்கெட்டும் அளவுகளில் சற்றுப் பெரியதையும், அவசரத்துக்கென்று ஓரிரு சிறியதையும் வையுங்கள். அடுத்த மாதம் வேண்டிய பணத்தைப் பொன்னில் போடாதீர்கள். தீபாவளி முடிந்து அவரைச் சந்தித்தபோது இவற்றைச் சொன்னேன். அவர் தாளை எடுத்து எழுதிக்கொண்டார்.

மூன்றாம் பவுன் என்னிடம் இருக்கிறது. பாட்டி மறைந்தபின் அம்மா கொடுத்தார். ஒரு நாள் அதனைப் பள்ளிக்குக் கொண்டுசென்று, நிறுவை பாடத்தின்போது மின்தராசில் வைத்தோம். 7.9 கிராம் காட்டியது. புத்தகக் கணக்கைவிடச் சற்றுக் குறைவு. "டீச்சர், மிச்சம் எங்கே?" என்று ஒரு மாணவன் கேட்டான். கைகளில் தேய்ந்துவிட்டது என்றேன். உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தோம். ஒரு பக்கம் ஐந்தாம் சார்சு மன்னரின் தலை. மறுபக்கம் குதிரை வீரன், 1918 என்னும் ஆண்டு. குதிரையின் கீழே, தரைக்கோட்டின்மேல் மிகச் சிறிதாய் அந்த ‘ஐ’ என்னும் எழுத்து.

பம்பாயில் அடித்த காசு. எத்தனை கைகள் மாறி, எந்தக் கப்பலில் ஏறிப் பினாங்குக்கு வந்ததோ! உங்கள் வீட்டிலும் பழைய பவுன் இருக்குமானால் ஒருமுறை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். அது எங்கே பிறந்தது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியை